மரநாயை மலைக்கு அனுப்பாதீர்கள், ஓட்டையை அடையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் பகுதிச் செய்திகளில் ஒரு செய்தி மட்டும் ஊர்ப் பெயர் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. வீட்டு மாடியில், மண்டபப் பரணில், பள்ளிக்கூடக் கூரையில் ‘மர்ம விலங்கு’ புகுந்தது. பொதுமக்கள் பீதி அடைந்தனர். வலை போட்டுப் பிடித்து அழகர்மலையிலோ சிறுமலையிலோ கொண்டுபோய் விட்டார்கள். அத்தோடு செய்தி முடிகிறது. அந்த விலங்கு உள்ளே வந்த ஓட்டை மட்டும் கூரையில் அப்படியே இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டுபோனால், பக்கத்துத் தோப்பில் திரியும் இன்னொன்று அதே ஓட்டையில் குடி வந்துவிடும். வலை வீசுவதற்கு ஆகும் பணத்தில் பாதி போதும், ஓட்டையை நிரந்தரமாக அடைத்துவிடலாம். அதை எப்படிச் செய்வது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். மதுரை வட்டாரத்தில் கூரைக்கு வருவது அநேகமாக மரநாய்தான். பெயரில் நாய் இருந்தாலும் இது நாயும் அல்ல, பூனையும் அல்ல. எடை இரண்டு முதல் ஐந்து கிலோ. உடல் ஏறக்குறைய அரை மீட்டர், வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். சொரசொரப்பான சாம்பல் நிற முடி, முதுகில் மங்கலாகப் புள்ளி வரிசைகள், கறுத்த கால், கறுத்த காது, கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியது போல் கறுப்பும் வெளுப்பும். வாலில் வளையம் இருக்காது. வாலில் கறுப்பும் வெளுப்புமாக ஏழெட்டு வளையம் தெரிந்தால் அது புனுகுப்பூனை. அது தரைவாசி. புதர், வாய்க்கால் குழாய், கல் இடுக்குதான் அதற்கு வீடு. கூரைக்கு அபூர்வமாகவே ஏறும். பகலில் ஓடுவது கீரி. இந்தக் கணக்கு தெரியாததால்தான் இருட்டில் செல்போனில் எடுத்த படம் ‘சிறுத்தைக்குட்டி’ ஆகிவிடுகிறது. நிருபர்கள் படம் எடுக்கும்போது தயவுசெய்து வாலையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வால் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இந்தக் குடும்பத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதிகம் பேர் பார்த்திராதது: பழுப்பு மரநாய். உலகத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. 1885-ல் பிளான்ஃபோர்டு என்ற விலங்கியலாளர் அதைத் தனி இனமாக விவரித்தது நம் பக்கத்துக் கொடைக்கானலில் கிடைத்த மாதிரியை வைத்துத்தான். மேலெல்லாம் ஒரே பழுப்பு, புள்ளியோ பட்டையோ இல்லை, தலையும் தோளும் காலும் இன்னும் அடர்த்தி. பிடரி முடி பின்பக்கம் படியாமல் தலையை நோக்கி எதிர்த்திசையில் படிந்திருக்கும். பாலூட்டி வகைப்பாட்டில் ஊனுண்ணி வரிசையில் சேர்த்திருக்கிறார்களே தவிர, அது கிட்டத்தட்ட பழத்திலேயே வாழ்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் அதன் எச்சத்தை ஆராய்ந்தபோது 50-க்கு மேற்பட்ட தாவரங்களின் பழங்கள் தெரியவந்தன. பெரிய கொட்டைகளை உடைக்காமல் விழுங்கி வேறிடத்தில் போடும் பிராணிகள் மழைக்காட்டில் குறைவு. அந்த வேலையை இது இரவெல்லாம் செய்கிறது.

ஊர் மரநாயை ஏன் மலையில் விடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் இதிலேயே இருக்கிறது. பழனிமலைச் சரிவில் கொண்டுபோய் விட்டால், வேறொரு இனத்தின் வீட்டுக்குள் இதைத் தள்ளுகிறோம். ஊர் நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் போன்ற நோய் இதையும் தாக்கும். அதையும் சேர்த்து மலை ஏற்றுகிறோம். சிறுமலையிலோ அழகர்மலையிலோ விட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. மரநாய் தன் வட்டாரத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் பிராணி. எந்த ஆலமரம் எப்போது பழுக்கும், எந்தப் பனையில் பகலில் படுக்கலாம், எந்தச் சுவர் வழியாக நாய்க்குத் தப்பலாம் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. முன்பின் தெரியாத காட்டில் விட்டால் ஏற்கெனவே அங்கே இருக்கும் மரநாய்களோடு மோத வேண்டும், இல்லையென்றால் ரோட்டைக் கடந்து திரும்பப் பார்க்கும். நத்தம் சாலையில் அடிபட்டுக் கிடப்பவற்றில் எத்தனை அப்படித் திரும்பியவையோ. தாயைப் பிடித்துவிட்டுக் குட்டியைக் கூரையில் விட்டிருந்தால் நான்கைந்து நாளில் வேறு விதமாகத் தெரியவரும், நாற்றமாக.

சட்டமும் இதற்கு எதிர்தான். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது எல்லாம் அதில் அடக்கம். ஆகவே கூண்டு வாடகைக்கு எடுத்து வைப்பதும், ‘பெஸ்ட் கண்ட்ரோல்’ ஆளைக் கூப்பிடுவதும் வேண்டாம். அது தானாக வெளியே போன பிறகு உங்கள் வீட்டு ஓட்டையை நீங்கள் அடைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி காரியத்துக்கு வருவோம். மேலே ஓடுவது மரநாய்தானா, எலியா, பூனையா? எலி என்றால் பரபரவென்று பிறாண்டும் சத்தம், விட்டு விட்டு, இரவு முழுக்க. மரநாய் கனமாக நடக்கும். இருட்டி ஒரு மணி நேரத்துக்குள் தடதடவென்று வெளியே போகும் சத்தம், விடிவதற்கு முன் திரும்பி வரும் சத்தம், இந்த இரண்டும்தான் அடையாளம். நடுராத்திரியில் கூரை அமைதியாக இருக்கும், ஏனென்றால் ஆள் வெளியே மேய்ந்துகொண்டிருக்கிறது. எச்சத்தைப் பாருங்கள். விரல் தடிமனில், முழுக் கொட்டைகளோடு, மாடிக் கைப்பிடிச்சுவர் மேலோ தண்ணீர்த் தொட்டி மூடி மேலோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கும். சப்போட்டா விதை, நாவல் கொட்டை, ஈச்சங்கொட்டை என்று பருவத்துக்குத் தகுந்த மாதிரி மாறும். சில இரவுகளில் பாஸ்மதி அரிசி வேகிற மாதிரி ஒரு வாசம் வரும். இந்த வாசத்துக்கு நல்ல பாம்பைக் காரணம் சொல்லி மகுடிக்காரரைத் தேடியவர்கள் உண்டு. கூரையைப் பார்ப்பது உத்தமம்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பதில்தான் பொறுமை வேண்டும். கை முஷ்டி நுழையும் இடைவெளி, அதாவது சுமார் நான்கு அங்குலம், மரநாய்க்குப் போதும். ஓட்டு வீட்டில் தாவாரத்து ஓரமும் முகட்டு ஓடு நகர்ந்த இடமும். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் ஷீட்டின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட சந்து. ஃபால்ஸ் சீலிங் உள்ள வீட்டில் ஏசி பைப் போகும் துவாரம், சீலிங்குக்கு மேலே மறந்துபோன பழைய காற்று ஜன்னல். மாசி வீதிப் பக்கத்துப் பழைய மெத்தை வீடுகளில், பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் சேரும் இடத்தில் வானம் பார்த்த இடுக்கு. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு போல் கறுத்த தடம், ஒட்டியிருக்கும் முடி, தேய்ந்த பாசி, இவை வழியைக் காட்டிக்கொடுக்கும். மழைநீர்க் குழாய், கேபிள் வயர், கூரைமேல் சாய்ந்த முருங்கை அல்லது வேம்பு, இவைதான் அதன் ஏணி.

சந்தேகப்படும் துவாரங்களில் எல்லாம் பழைய செய்தித்தாளைச் சுருட்டி லேசாகச் செருகி வையுங்கள். இந்தப் பத்திரிகையும் உதவும். காலையில் எது வெளியே விழுந்திருக்கிறதோ அதுதான் வாசல். கூடவே துவாரத்துக்குக் கீழே கோலமாவை ஒரு முழ அகலத்துக்கு மெலிதாகத் தூவினால் காலடி பதியும். ஐந்து விரல், முன்னால் நகத்தின் நுனிப்புள்ளி தெரிந்தால் மரநாய். நான்கு விரல், நகமே தெரியவில்லை என்றால் பூனை. இரண்டு மூன்று வாசல் இருப்பது சகஜம். ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு ‘திரும்பவும் வந்துவிட்டதே’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: குட்டி இருக்கிறதா? ஆண்டு முழுவதுமே குட்டி போடும் என்றாலும் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மாதங்களில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, குட்டிகள் அதிகம் கண்ணில் படும். ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து. பால் மறக்க சுமார் இரண்டு மாதம் ஆகும். தாய் வெளியே போன பின் இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கூரைக்குக் கீழே காதைக் கொடுங்கள். கீச்சுக் குரலோ மெல்லிய மியாவ் சத்தமோ வந்தால் அடைக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு மாதம் பொறுக்க முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். குட்டி இருக்கும் பகுதியில் ஒரு எல்இடி பல்பைப் பகலிரவு எரியவிட்டு, சன்னமாக ரேடியோவைப் பாடவிடுங்கள். வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் தொடர்ந்தால் தாய் இரண்டு மூன்று இரவில் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடும். இதைச் செய்யும்போது வாசல்கள் அத்தனையும் திறந்திருக்க வேண்டும். ஒன்றை அடைத்தாலும் காரியம் கெடும்.

குட்டி இல்லை என்று உறுதியானால் முதலில் பயன்பாட்டில் இல்லாத துவாரங்களை எல்லாம் பகலில் அடைத்து, முக்கிய வாசல் ஒன்றை மட்டும் விடுங்கள். அதில் ஒருவழிக் கதவு மாட்டலாம். அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்ட் மெஷ்ஷில் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பிவலை), துவாரத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, மேல் விளிம்பை மட்டும் இரண்டு கம்பி வளையத்தில் தொங்கவிட வேண்டும். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும். வெளியிலிருந்து இழுக்கக் கீழ் விளிம்பில் பிடி கிடைக்கக்கூடாது, சுவரோடு படிந்து நிற்க வேண்டும். கம்பி முனைகளை மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் வெளியே போகும் பிராணியின் வயிற்றைக் கிழிக்கும். மூன்று இரவு விட்டு வையுங்கள். கோலமாவில் வெளியே போன தடம் மட்டும் இருந்து, கூரையில் சத்தமும் இல்லை என்றால் நாலாம் நாள் நிரந்தரமாக மூடலாம். கதவு செய்ய வசதி இல்லாதவர்கள் இருவராக மாடியில் உட்கார்ந்து, அது வெளியே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து மூடலாம். இரண்டாவது ஆள் எதற்கென்றால், போனது ஒன்றா இரண்டா என்று பார்க்க. மழை நாளில் இந்த வேலை வேண்டாம். சில நேரம் அது வெளியே போகாமல் படுத்துக்கிடக்கும்.

மூடும் பொருளில் கஞ்சத்தனம் பார்த்தால் திரும்பச் செலவு வரும். கோழிக்கூண்டு வலையை மரநாய் விரித்துவிடும், துருவும் பிடிக்கும். சணல் சாக்கு, தெர்மாகோல், ஃபோம் ஸ்ப்ரே எதுவும் நிற்காது. வெல்ட் மெஷ்ஷை வாஷர் போட்ட ஸ்க்ரூவால் அரை அடிக்கு ஒன்றாக இறுக்கி, சுவர் ஓரங்களில் சிமெண்ட் பூசுவதுதான் நிலைக்கும். ஓட்டு வீட்டில் தாவாரம் முழுக்க ஓடும் மெஷ் பட்டை ஒன்பது அங்குல அகலம் இருந்தால் போதும். காற்றோட்டத்தை அடைக்கிற மாதிரி பலகை அடிக்காதீர்கள், விட்டம் உளுத்துப்போகும். கூரைக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை ஆறடி இடைவெளி வரும் வரை கழியுங்கள். தென்னை கூரையோடு ஒட்டி நின்றால், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இரண்டடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி அடித்தால் மரத்துக்குக் கேடு. ஸ்ப்ரிங் வைத்த கம்பியால் கட்டினால் மரம் பருக்கும்போது இளகிக்கொடுக்கும். எலிக்கும் இதுவே போதும்.

நடைமுறையில் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். பகலில் கடைசி ஓட்டையையும் அடைத்தால் தூங்கிக்கொண்டிருக்கும் பிராணி உள்ளே மாட்டிக்கொள்ளும். அது வெளியேற ஜிப்சம் பலகையைக் கிழித்து ஹாலில் விழும், அல்லது உள்ளேயே செத்து, புழு கீழே உதிரும் வரை வீட்டில் குடியிருக்க முடியாது. மிளகாய்ப் புகை போட்டால் தாய் ஓடிவிடும், குட்டி மூச்சுமுட்டிச் சாகும். ஓட்டு வீட்டில் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. அந்துருண்டையைக் கூடை கூடையாகப் போட்டால் மரநாய்க்கு முன்னால் அந்த அறையில் படுக்கும் குழந்தைக்குத்தான் தலைசுற்றும். எல்லாவற்றையும்விட மோசம் எலி மருந்து. கடையில் கேக் வடிவில் கிடைக்கும் புரோமாடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம். தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும். அந்த எலியைப் பிடித்துத் தின்னும் மரநாயும் கூகையும் வீட்டுப் பூனையும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். எலியைத் தின்ன ஆள் இல்லாமல் போன பிறகு எலி மட்டும் மறுபடி பெருகும்.

ஹாலுக்குள்ளேயே விழுந்துவிட்டால் கூட்டம் கூட்டாதீர்கள். மற்ற அறைக் கதவுகளை மூடி, வெளியே போகும் ஒரு கதவையோ ஜன்னலையோ மட்டும் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பகலாக இருந்தால் அலமாரி மேலேயோ பீரோ பின்னாலேயோ ஒடுங்கி, இருட்டிய பிறகுதான் போகும். நாயைக் கட்டிப்போடுங்கள். கிணற்றில் விழுந்திருந்தால் ஆளை இறக்க வேண்டாம். நீளமான மூங்கிலில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி, அடி தண்ணீருக்குள்ளும் நுனி கைப்பிடிச்சுவர் மேலும் இருக்கும்படி சாய்த்துவிட்டால் ராத்திரியில் தானே ஏறி வந்துவிடும். மூங்கில் எட்டாத ஆழக் கிணறு என்றால் தடித்த தேங்காய்நார்க் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டுச் சாக்கோடு இறக்கலாம். அது களைத்திருந்தால் மட்டும் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தென்னை வெட்டும்போதோ ஓடு மாற்றும்போதோ குட்டிகள் கையில் கிடைப்பது உண்டு. பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கு கண்டு இரண்டு நாளில் போய்விடும். மூங்கில் கூடையில் பழைய பருத்தித் துணி விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். பொழுது சாயும்போது கூடையை, கிடைத்த இடத்துக்குப் பத்தடிக்குள், எறும்பு ஏறாத உயரத்தில் திறந்தபடி வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தாய் அன்றிரவே தேடி வருவதுதான் வழக்கம். இரண்டாவது இரவும் வராவிட்டால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ‘நாங்களே வளர்க்கிறோம்’ என்ற ஆசை சட்டப்படி குற்றம். நடைமுறையில் ஆறு மாதம் கழித்துத் திரைச்சீலை மேல் ஏறிக் கடிக்கும் பிராணியோடு குடித்தனம்.

கடித்தாலோ பிறாண்டினாலோ தயக்கம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் பூசாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ‘காட்டு விலங்கு கடித்தது’ என்று சொல்லுங்கள். தேசிய வழிகாட்டுதலில் காட்டு விலங்குக் கடி மூன்றாம் வகையில் வருகிறது. அதாவது ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் போட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள் ஊசி. காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடக்கூடாது.

தோப்புக்காரர்களுக்கும் கோழி வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரநாய் நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் தின்பது பெரும்பாலும் பழுத்து உதிரும் நிலையில் இருப்பதைத்தான். விளைந்த காயைப் பறித்து வீட்டில் பழுக்கவைப்பவர்களுக்கு நஷ்டம் சொற்பம். கொய்யா, பப்பாளிக்கு வலைப்பை கட்டலாம். கள்ளுக்கு 1987-லிருந்து தடை. மரநாய்க்கு யாரும் சொல்லவில்லை போலும், பதநீர்க் கலயத்தில் இன்றைக்கும் அது நாக்கை வைக்கிறது. கலய வாயில் தென்னம்பன்னாடையைக் கட்டினால் தீர்ந்தது. கோழிக்கூண்டுக்குத்தான் உண்மையான ஜாக்கிரதை வேண்டும். கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரம், நான்கு பக்கமும் அடியும் மேலும் அரை அங்குல மெஷ், கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும். ஒரே ராத்திரியில் பல கோழியைக் கொன்று போட்டிருந்தால் நாயைச் சந்தேகியுங்கள். மரநாய் பெரும்பாலும் ஒன்றோடு போய்விடும்.

கீழ்ப்பழனிக் காபித் தோட்டங்களில் எச்சத்தில் கிடைக்கும் கொட்டையை விலை உயர்ந்த காபியாக விற்கலாம் என்ற பேச்சு இப்போது காதில் விழுகிறது. நிழல்மரம் உள்ள தோட்டத்தில் பாறை மேல் தானாகக் கிடைக்கும் எச்சத்தைப் பொறுக்குவது ஒன்று. இந்தோனேசியாவில் நடப்பது போல் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தையே தீனியாகப் போடுவது முற்றிலும் வேறு. இரவில் பல வகைப் பழமும் எலியும் பூச்சியும் தேடித் தின்னும் பிராணி கூண்டில் தன் வாலையே கடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அப்படி ஒரு கூண்டை மலையில் யாராவது பார்த்தாலோ, ஊர்ப்பக்கம் வந்து உயிரோடு மரநாய் விலைக்குக் கேட்டாலோ, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
காட்டுயிர் மீட்புப் பணியில் உள்ளோர் சிலர்,
மதுரை